பூத்தண்ணி அண்ணனின் முதல் கப்

மலாக்கா மாநிலத்திலேயே பெண்களின் வயிற்று நிலவரத்தை அதிகம் அறிந்த ஆண் எங்கள் பூத்தண்ணி அண்ணன்தான். டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். மெர்லிமாவிலிருந்து எங்கள் ஒன்பது பேரையும் தினமும் ஃபேக்டரிக்கு ஏற்றிப் போன வேன் டிரைவர்.

காலையில் ஏறினால் குட்மார்னிங் எல்லாம் கிடையாது. "வயிறு எப்படி இருக்கு?" அதுவும் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற குரலில். "கொஞ்சம் தண்ணியா போவுது அண்ணே" என்று காதோரம் முனகினால் போச்சு. "அப்ப உனக்குப் பூத்தண்ணி கெடையாது! அது குளிர்ச்சி, இன்னும் புடுங்கிரும்!" என்று ஊருக்கே அறிவித்துவிடுவார்.

பூத்தண்ணி என்றால் ஹனிசக்கிள் கொடியின் பூவில் போட்ட கஷாயம். சீன மருந்துக் கடையில் காய்ந்த மொட்டாக விற்பார்களே, அதேதான். தொண்டை வலி, காய்ச்சலின் ஆரம்பம், உடம்புச் சூடு, சூட்டுக் கொப்புளம் என்று எது வந்தாலும் அண்ணனுக்கு அதுதான் ஞாபகம் வரும். ஒரு பிடி பூவைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, பெரிய பிளாஸ்க்கில் கொண்டு வருவார். ஆளுக்கு அரை கப். இன்னும் கொஞ்சம் கேட்டால், "இது என்ன தேத்தண்ணியா?" என்று திட்டு விழும்.

சட்டம் வேறு பேசுவார். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் மேரியக்காவுக்கு, டாக்டரைக் கேட்டுவிட்டு வரும்வரை கிடையாது. அந்தக் கொடியில் பழம் கண்டால் வாயில் வைக்கக் கூடாது, விஷம். மூன்று நாள் காய்ச்சல் என்று யாராவது வாயைத் திறந்தால் வேன் நேரே கிளினிக் வாசலில்தான் நிற்கும். "எறங்குலா! டெங்கியா இருந்தா பூவா காப்பாத்தும்?" என்று விரட்டுவார். மற்ற எட்டுப் பேருக்கும் அன்று லேட்.

பெரிய கூத்து என்னவென்றால், முதல் கப் எப்போதும் அவருக்குத்தான். அதைக் குடித்துவிட்டு, வேன் இருபது நிமிஷத் தூரத்திலுள்ள உம்பாய் போய்ச் சேரும்வரை எங்களை பிளாஸ்க்கைத் தொட விடமாட்டார்.

"நாங்க என்ன மகாராணிங்களா அண்ணே, நீங்க குடிச்சுப் பார்த்துக் குடுக்க?" என்பாள் சாந்தி.

"ஒம்பது வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்மா. பேசாம உக்காரு."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த வருஷம் சீனப் பெருநாளுக்கு மருந்துக் கடைகள் எல்லாம் ஒரு வாரம் அடைத்துவிட்டார்கள். அண்ணனிடம் பூ தீர்ந்துபோனது. எனக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. "நாலு நாளா பூத்தண்ணி இல்ல, நீங்கள்லாம் ஒரு வைத்தியரா?" என்று சீண்டினேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அன்றைக்கு இந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பூவைக் கடையில்தான் வாங்க வேண்டும், வேலியில் பறிக்கக் கூடாது என்பது அவர் சட்டங்களிலேயே பெரிய சட்டம். மறுநாள் அதை அவரே மீறிவிட்டு வந்தார். "செம்பனைத் தோட்டத்து ஓரமா அதே கொடி, மஞ்சளா பூத்துக் கெடக்கு. உன் தொண்டைக்குன்னுதான் பறிச்சேன்" என்றார். வழக்கம்போல் முதல் கப்பைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

உம்பாய் வருவதற்கு முன்னாலேயே, "ரோடு ரெண்டா தெரியுதே" என்றார். நாங்கள் அதற்கும் சிரித்தோம். அவர் சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்து, சாவியை உருவினார். இமைகள் தானாக மூடிக்கொண்டே வந்தன. ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியவர், பிளாஸ்க்கை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார்.

"ஒருத்தரும் குடிச்சிராதீங்க. பூ தப்பு" என்றார். நாக்கு குழறியது. டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ்காரர் பெயரைக் கேட்டபோது ஒன்பது பேரும் திருதிருவென்று விழித்தோம். ஏழு வருஷமாக அவர் எங்களுக்குப் பூத்தண்ணி மட்டும்தான். சாந்தி அழுதுகொண்டே அவர் சட்டைப் பையில் ஐசி அடையாள அட்டையைத் தேடினாள்.

வடிகட்டிக்குத் தப்பி பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த பூவைச் சோதித்த பிறகு டாக்டர் சொன்னார். அது ஹனிசக்கிளே இல்லை. பார்க்க அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடி, மூச்சை நிறுத்திவிடும் விஷம். நாங்களும் ஆளுக்கு அரை கப் குடித்திருந்தால் ஒன்பது வீட்டிலும் இழவு விழுந்திருக்கும். அண்ணனுக்காக மூன்று நாள் மெஷின் மூச்சு விட்டது. நான்காம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் படையலுக்கு நாங்கள் ஒன்பது பேரும் போனோம். கடையில் வாங்கிய பூவைக் கொதிக்க வைத்து, பிளாஸ்க்கில் நான்தான் கொண்டு போனேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அரை கப் ஊற்றி, மடக்கென்று குடித்தேன்.

"அடியே! படையலுக்கு வைக்கிறத எச்சி பண்றியே, அறிவிருக்கா ஒனக்கு?" என்று அவர் வீட்டுப் பெரியம்மா ஒருவர் பாய்ந்து வந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க. அவருக்குப் புரியும்" என்றார்.

மெர்லிமாவிலிருந்து உம்பாய் போகிற நேரம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் அண்ணனுக்கு ஊற்றி வைத்தேன்.