காலமாகாத லெஃப்ட் பேக்

மாதுங்கா,
20-3-1965

‘பம்பாய்ப் பொழில்’ மாத இதழின் ஆசிரியர் திரு. வானமாமலை அவர்களுக்கு, ஆவுடையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தங்கள் இதழும் சுகமாக இருக்கட்டும். ஒன்பது வருஷமாகச் சந்தா கட்டுகிறவள் என்பதால் அதன் சுகத்தில் எனக்கும் அக்கறை உண்டு. மரியாதை இத்துடன் முடிந்தது.

இன்று காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கும் முன்னால், முதல் வேலையாக ஸ்டூலைப் போட்டு ஏறி, என் தம்பி கோமதிநாயகத்தின் படத்தில் கிடந்த மாலையைக் கழற்றினேன். பாராட்டு விழா முடிந்ததும் தங்கள் தமிழ்ச் சங்கத்தார் படத்தோடு கொண்டுவந்து, ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போன மாலை. ஆறு நாளாக நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரங்களில் யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுவில் ஒரு நல்ல மனிதர், பக்கத்து வீட்டில் நான் கொடுத்திருந்த சாவியை வாங்கி, வாடியதை எடுத்துவிட்டுப் புதியது போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் தம்பி ஆஸ்திரியாவில் உயிரோடு இருக்கிறான். இது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாதுங்காவில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த மறுப்பை, இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி வெளிவரும் ஏப்ரல் இதழில் ஒரு சொல் குறைக்காமல் போட வேண்டும். முப்பத்தொன்றாம் தேதிக்குள் அது அச்சில் வராவிட்டால், நான் இரண்டு வருஷம் அலைந்து அவனுக்காகப் பிடித்து வைத்திருக்கும் வேலை போய்விடும்.

முதலில் தங்கள் மார்ச் மாதக் கட்டுரை. ‘ஐரோப்பாவை உலுக்கும் மாதுங்கா வேங்கை’ என்று தலைப்பு. என் தம்பி எதையும் உலுக்கியதில்லை. தாங்கள் பேட்டிக்கு வந்த அன்று அவனுடைய கடிதக் கட்டு முழுவதையும் மேசையில் வைத்து, நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் ஆகையால் அட்லஸையும் விரித்து, ஊர் ஊராகக் காட்டினேன். தாங்கள் வடையைச் சாப்பிட்டபடி தலையாட்டினீர்கள், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எட்டு வருஷத்தில் ஆறு நாடுகளில் ஒன்பது கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறான், உண்மைதான். ஆனால் ஒன்றுகூட முதல் டிவிஷன் கிடையாது. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது. பாதி ஊர்கள் பள்ளிக்கூட அட்லஸில் இல்லாமல் நானே பென்சிலால் புள்ளி வைத்தவை. ‘அறுபது கோல் அடித்த சூரன்’ என்கிறீர்கள். அவன் லெஃப்ட் பேக், ஐயா. கோல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. எட்டு வருஷத்தில் அடித்தது இரண்டு, அதில் ஒன்று சேம் சைடு. ‘இங்கிலாந்தில் வெற்றிக்கொடி நாட்டினான்’ என்கிறீர்கள். இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை ஊரில் ஆறு மாதம் ரிசர்வில் இருந்துவிட்டு, கோடையில் கிளப் கேலரிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான். பெல்ஜியத்தில் சுரங்க ஊர் ஒன்றில் பேக்கரி மாடியில் குடியிருந்து, காலையில் ரொட்டி சுமந்து, சாயங்காலம் பயிற்சிக்குப் போனான். ஹாலந்தில் கோச் மாறினார், இவன் பெட்டி கட்டினான். ஸ்விட்சர்லாந்தில் மைதானமே ஒரு பக்கமாகச் சரிந்திருக்குமாம். முதல் பாதியில் மலை ஏறினான், அடுத்த பாதியில் இறங்கினான்.

அந்த கிளப்புகள் அவனை ஏன் எடுத்தன என்பதையாவது சரியாக எழுதியிருக்கலாம். அதற்கு ஒரே காரணம் சேறு. பம்பாயில் ஃபுட்பால் என்றாலே மழைக்காலம்தானே. ஜூலை மாத மைதானத்தில் கணுக்கால் புதையப் புதைய ஆடிப் பழகிய கால் அவனுடையது. அங்கே மழை வந்தால் மற்றவர்கள் வழுக்குவார்கள், இவன் நிற்பான். ‘வானம் கறுத்தால்தான் கோச் என் பக்கம் திரும்புகிறார், அக்கா’ என்று எழுதுவான். போர்ச்சுகலில் ஒரு சீசன் முழுவதும் நல்ல வெயில். அந்த வருஷம் நாலே ஆட்டம். தாங்கள் எழுதியிருப்பதோ, ‘எரிக்கும் வெயிலே அவனது நண்பன்’.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று நேற்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எட்டு வருஷமாக அவன் எனக்கு ஒரு பொய் எழுதியதில்லை. தோற்றால் தோற்றோம் என்பான். தன் பக்கமாகக் கோல் விழுந்தால் என் பக்கமாக விழுந்தது என்பான். அவற்றையெல்லாம் நான் சந்தோஷமாகவே படித்து வந்தேன். தங்கள் வேங்கையைப் படித்த பிறகு அந்தக் கடிதங்களை எடுத்தால் ஏதோ குறைச்சலாகத் தெரிகிறது. அதுவும் எனக்கே தெரிகிறது. இதற்கு யாரிடம் போய் மறுப்புக் கேட்பது?

இனி பதினான்காம் தேதிப் பாராட்டு விழா. ஆள் இல்லாமல் பாராட்டு வேண்டாம் என்றேன். “ஆள் வராட்டா என்னம்மா, படம் இருக்குல்லா!” என்றீர்கள். அவன் மூன்றாம் நம்பர் சட்டையோடு நிற்கும் படத்தை வாங்கிப்போய்ப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மேடையில் நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் ரோஜா மாலையும் போட்டு, முன்னால் குத்துவிளக்கை ஏற்றினீர்கள். அது போதாதென்று யாரோ ஒரு புண்ணியவான் ஊதுவத்தியும் செருகினார். உயிரோடிருக்கிற ஒருவனுக்கு நம்மவர்களில் யாராவது இப்படிச் செய்வார்களா? விழாத் தலைவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். வந்தவர் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். மைக்கைப் பிடித்து, “எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கணும்” என்றார். முந்நூறு பேரும் எழுந்தார்கள். விஷயம் தெரிந்த தாங்களும் எழுந்தீர்கள். தலைவர் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று பிறகு சொன்னீர்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் எழுந்து நின்றேன். ரெண்டு நிமிஷமும் தலை குனிந்து, ‘இவன் சாகவில்லையே, நாம் ஏன் நிற்கிறோம்’ என்று யோசித்துக்கொண்டே நின்றேன். மௌனம் முடிந்ததும் தாங்களாவது மைக்கை வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாங்கள் சங்கத்துக்குக் கட்டடம் கட்டுவதைப் பற்றிப் பேசினீர்கள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே துக்க விசாரணை. சுனாபட்டியில் இருக்கும் சித்தப்பா செய்தி கேட்ட மறு நிமிஷம் தலை முழுகிவிட்டார். இவன் இருக்கிறான் என்று நான் ஓடிப்போய்ச் சொன்னதும், துவட்டிக்கொண்டே, “முழுகுனது முழுகுனதா இருக்கட்டும், ஆவுடை. என்னைக்காவது ஒதவும்லா” என்கிறார். தாராவியிலிருந்து ஷாகுல் ஹமீது வந்தான். தோல் பட்டறை வைத்திருப்பவன், கோமதியோடு சின்ன வயதிலிருந்து ஆடியவன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

“யக்கா, அவன் பூட்ஸுக்கு ஆணி அடிச்சுக் குடுத்த கையிக்கா இது!”

“அழாதே ஷாகுல். அவன் நன்றாக இருக்கிறான்.”

“என்னத்தச் சொல்லுதிய? உசுரோட இருக்கானா?”

“இருக்கிறான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து படத்தின் பக்கம் திரும்பினான். “அப்பம் நான் ரெண்டு நாளு பட்டறைய பந்த் பண்ணிட்டு அழுதது? வரட்டும் அந்தப் பய. நானே கொல்லுதேன்.”

இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். புதன்கிழமை மகாதேவன் வந்தார். செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் நலத்துறை அதிகாரி. அவர்கள் ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்கும்போது ஸ்டோர்ஸில் கிளார்க் வேலையும் கொடுப்பார்கள். கோமதிக்கு முப்பத்தொரு வயதாகிறது, முழங்கால் ஒரு தடவை வீங்கி அடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம், பிறகு இருக்கவே இருக்கிறது நாற்காலி. இந்த ஒரு இடத்துக்காகத்தான் இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் அலுவலக பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவனும், ‘அக்கா சொன்னால் சரி’ என்று எழுதிவிட்டான். மகாதேவன் மனைவியோடு வந்து, மாலையைப் பார்த்து, கைக்குட்டையை எடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“இருக்கார்னு நீங்க சொல்றேள். நான் ஹால்ல ரெண்டு நிமிஷம் நின்னிருக்கேனேம்மா! மறுநாளே ஃபைல்ல ‘காலமானார்’னு நோட் போட்டு மேலே அனுப்பியாச்சு.”

“அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.”

“எதை ஆதாரமா வச்சு? நீங்க அக்கா. அக்கான்னா அப்படித்தான் சொல்வா.”

“அவன் கையெழுத்தில் கடிதம் இருக்கிறது.”

“தேதி?”

“பிப்ரவரி பத்து.”

“ஃபங்ஷன் மார்ச் பதினாலு. நடுவில என்ன வேணா ஆகலாமே!”

கடைசியில், தங்கள் பத்திரிகையில் மறுப்பு அச்சாகி வந்தால் அதை வெட்டி ஃபைலில் ஒட்டிவிடுகிறேன், முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணியோடு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றார். படி இறங்கும்போது, “வேற தம்பி யாராவது ஆடுவாளா?” என்றும் விசாரித்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

ஐயா, நான் படித்தவள். பதற்றப்படாமல் பேசத் தெரிந்தவள். ஆனால் ஒரு வாரமாக, காய்கறிக்காரரிடம், பள்ளிக்கூடத்தில், ரயிலில், என் தம்பி சாகவில்லை, சாகவில்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சொல்லச் சொல்ல எல்லாரும் என்னைப் பார்க்கிற பார்வையில் பரிதாபம்தான் கூடுகிறது. ஆகவே முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், ‘திரு. பி. கோமதிநாயகம் உயிருடன் இருக்கிறார், அவர் வேங்கை அல்ல’ என்று போட வேண்டியது தங்கள் கடமை.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. தங்கள் பேனாவுக்கு நிதானமும், தங்கள் சங்கத்துக்கு விரைவில் கட்டடமும் வாய்க்க எல்லாம் வல்லவன் அருளட்டும்.

இப்படிக்கு,
பி. ஆவுடையம்மாள், பி.ஏ., எல்.டி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, தபால்தலை ஒட்டப்போகும் நேரத்தில் மாலைத் தபாலில் கோமதியின் ஏர் லெட்டர் வந்தது. அப்படியே தருகிறேன்: ‘அக்கா, வெள்ளிக்கிழமையிலிருந்து இங்கே விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டமும் ஆடினேன். தோற்றோம், பூஜ்யத்துக்கு ஒன்று. எண்பதாவது நிமிஷம் வரை என்னைத் தாண்டி ஒருத்தனும் போகவில்லை. பிறகு ஒருத்தன் போனான். வாசலில் டிக்கெட் கிழிக்கிற கிழவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, அடுத்த சீசனும் இருப்பாய்தானே என்றார். அக்கா எனக்கு வேலை பார்த்திருக்கிறாள், சீசன் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சும்மா சிரித்தேன். பெட்டி கட்டிவிட்டேன். பூட்ஸை மட்டும் இன்னும் உள்ளே வைக்கவில்லை. சேறு காயவில்லை.’

இதை நான்கு தடவை படித்தேன். எதுவும் குறைச்சலாகத் தெரியவில்லை. அந்த பூட்ஸ் வெளியிலேயே இருக்கட்டும். ஆகவே, ஐயா, தாங்கள் இந்த மறுப்பை ஏப்ரல் இதழில் போட வேண்டாம். மே மாதம் போடுங்கள், இடமில்லாவிட்டால் ஜூனில் போடுங்கள். வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று ஒன்றாம் தேதி காலையில் அவனுக்கு எழுதிவிடுவேன். அன்றைக்கு அது பொய்யாக இருக்காது. ஷாகுலிடமோ சித்தப்பாவிடமோ இதை நான் சொல்லவில்லை, கோமதிக்குச் சொல்லவும் போவதில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணி வரைக்கும், மகாதேவன் அவர்களின் ஃபைலில் என் தம்பி காலமானவனாகவே இருக்கட்டும்.