படிவம் எண் நாற்பத்தேழு

நிலநடுக்க ஆய்வு அலுவலகத்து இன்ஜினியர் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். மொட்டை மாடியில் தமக்கென்று ஓர் அறை. தகரக் கொட்டகை இல்லை. கான்கிரீட் கூரை போட்டு, அலமாரி அடித்து, ஆயிரத்து எண்ணூறு புத்தகங்களையும் ஏற்றிவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டியது. மார்பை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனார். வாசற்படியைத் தாண்டியதும் மார்பு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

“ஏம்மா, மாடியில ஒரு ரூம் கட்டலாம்னு...”

“கீழ சுவர் கட்டுங்க,” என்றாள் மனைவி, திரும்பாமலே.

அவர்கள் குடியிருப்பது முதல் மாடியில். கீழே சுவரே கிடையாது. எட்டுத் தூண், நடுவில் கார். நிலம் ஆடினால் இப்படிப்பட்ட வீட்டில் தூண்கள்தான் முதலில் மடங்கும் என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறவர் அவர். ஆனால் இந்த வீடு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே வரைந்து கட்டியது. பெத்த பிள்ளையைக் குறை சொல்ல எந்த அப்பனுக்கு மனசு வரும்?

“போன மாசம் லேசா ஆடிச்சே, பாத்திரமெல்லாம் கிணுகிணுன்னு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சுங்க. பாப்பா மேலதான தூங்குறா.”

“அது சும்மா ஒரு தட்டு. நம்ம தூணெல்லாம் யானைக் காலு.”

“அளந்து பாத்தீங்களா?”

“என்கிட்டயே கேக்குறியா? நான் யாரு?”

“அதான் கேக்குறேன்.”

கையிலிருந்த சேமிப்பு ஒரு வேலைக்குத்தான் காணும். அதனால் வாக்குவாதம் ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று இன்ஜினியர் மீசையைத் தடவினார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள். அவள் பேசும்போது பயமில்லை. பேசாமல் இருக்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவர் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. யார் வேண்டுமானாலும் தம் வீட்டை அளந்து, படிவம் நிரப்பிப் பெட்டியில் போடலாம். பெயரையும் விலாசத்தையும் எழுத்தர் எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் எண்ணோடு இன்ஜினியருக்கு அனுப்புவார். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த புண்ணியவானே நம்ம இன்ஜினியர்தான்.

வியாழக்கிழமை நாற்பத்தேழாம் எண் வந்தது. தூண் எட்டு, கனம் ஒன்பது அங்குலம். மண், களிமண். கீழே சுவர் இல்லை. உத்தேசம்: மாடியில் கான்கிரீட் அறையும் ஒரு டன் சாமானும்.

“எந்த மடையன்யா இதைக் கட்டினான்?” என்று எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் இருமினார். “நிக்கவே தெம்பில்லாத தூண் மேல இன்னும் மூட்டை ஏத்துறானாம்,” என்றார் இன்ஜினியர்.

சிவப்பு மையில் ஒரு முழுப் பக்கம் விளாசினார். இங்கே வரக்கூடிய ஆட்டத்தை இந்தக் கட்டடம் தாங்காது. மாடியில் ஒரு செங்கல்கூட ஏற்றாதே. கீழே நான்கு பக்கமும் கம்பி கட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பு. கையெழுத்து, முத்திரை.

சனிக்கிழமை தபால் வந்தது, மனைவியின் பெயருக்கு. வீடு அவள் பேரில்தானே இருக்கிறது. அவள் சாவகாசமாகப் பிரித்து உரக்கப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே இன்ஜினியருக்குத் தெரிந்துவிட்டது, எழுதினவர் தாமேதான் என்று.

“யாரு அளந்தது?”

“நான்தான், தையல் டேப்புல. பாப்பா ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டா.”

“எழுத்தருக்குத் தெரியுமா?”

“அன்னிக்கு இருமினாராமே.”

அவர் கீழே இறங்கிப் போய் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். ஒல்லியாகத்தான் இருந்தது. மேலே பாப்பா குதிக்கிற சத்தம் கேட்டது. சட்டென்று தூணிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வீடு நின்றுகொண்டிருக்கும்போதே தெரிந்துகொண்டோமே என்று ஆறுதலாக இருந்தது.

“கட்டிடலாம்மா,” என்றார் மேலே வந்து. “திங்கக்கிழமையே ஆள் வரச் சொல்றேன்.”

“சொல்லிட்டேன். நாளைக்கே வர்றாங்க.”

“அப்போ என் ரூம்?”

“நாலு பக்கமும் சுவர் வந்தா அதுவே ரூம்தானே. கார் வெளிய நிக்கட்டும். புத்தகத்தோட நீங்க அங்க இருந்துக்குங்க.”

இன்ஜினியர் முகம் மலர்ந்தது. இவளோடா பதினாறு வருஷம் மல்லுக்கு நின்றோம் என்றிருந்தது. “அருமை. கிழக்குப் பக்கம் பெருசா ஒரு ஜன்னல் வச்சுட்டா...”

அவள் கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“‘ஒரு கதவைத் தவிர, சுவரில் எங்கும் ஜன்னல் கூடாது.’ கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க.”