வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஓர் இயக்குநர்

வேனிலிருந்து முதலில் இறங்கியது ஒரு டிபன் கேரியர். அதைப் பிடித்தபடி கல்பனா என்ற பெண்மணி இறங்கினார். பின்னாலேயே கணவர், இரண்டு குழந்தைகள், ஒரு தண்ணீர் கேன், அப்புறம் இன்னும் இரண்டு குடும்பங்கள்.

உதவிப் பதிவாளர் ஸம்பத்குமார் மூன்று முனைவர்களை எதிர்பார்த்து, பூங்கொத்தும் கையுமாக நின்றிருந்தார்.

"குணா, இவாள்ளாம் யாரு?" என்று டிரைவரைக் கேட்டார்.

"நீதானே சார் ஸ்டேஷனாண்ட நின்னு ஏத்திக்கினு வரச் சொன்ன."

"இன்டர்வியூவுக்கு வர்றவாளைச் சொன்னேன்."

"போர்டு நீ வெச்சது சார். ஜனம் போர்டப் பாத்துட்டுத்தான் ஏறுது."

வேன் கண்ணாடியில் ஸம்பத்குமார் தன் கையாலேயே ஒட்டிய தாள் இன்னும் இருந்தது: 'ரியல் எஸ்டேட்'. முனைவர்கள் அடையாளம் கண்டுகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் அந்த இரண்டு சொற்களோடு ஒரு வேன் நின்றால் அதற்கு ஒரே பொருள்தான். மனை பார்க்க இலவசமாகக் கூட்டிப்போவார்கள், மதியம் சாப்பாடு போடுவார்கள்.

கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால், இரும்பு ஆலைப் புகைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், ரியல் எஸ்டேட் மேம்பாட்டுக்கென்று ஒரு முதுகலைப் படிப்பு இரண்டு வருடமாக நடந்துவந்தது. மாணவர்கள் இருந்தார்கள். பாடத்திட்டம் இருந்தது. இயக்குநர் அறை இருந்தது, அதில் ஏசிகூட ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர்தான் இல்லை. சனிக்கிழமை காலை ஆய்வுக் குழு வருகிறது. பதிவாளர் மெர்சி மேடம் வியாழக்கிழமையே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சம்பத், நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள டைரக்டரோட ஜாய்னிங் ரிப்போர்ட் என் டேபிளுக்கு வரணும். வந்தா உங்க பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து. வரலைன்னா திங்கக்கிழமையோட உங்க கான்ட்ராக்ட் முடியுது. ரெண்டு பேப்பரும் டைப் ஆயிடுச்சு."

ஸம்பத்குமார் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அந்த வளாகத்தில் அவரைவிடத் தற்காலிகமானவை நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்த தாள்கள் மட்டும்தான். அவையும் நாலு வருடமாக அங்கேயே இருந்தன.

செல்போன் அடித்தது.

"சார், முனைவர் வெங்கடேசன் பேசறேன். நாங்க மூணு பேரும் வந்து சேர்ந்துட்டோம். கேம்பஸ் நல்லா காத்தோட்டமா இருக்கு. பில்டிங்தான் எங்கன்னு தெரியல."

"என்ன தெரியறது அங்கே?"

"வரிசையா கல்லு நட்டிருக்கு. கலர் கலரா கொடி. ஒரு ஷாமியானா. பிரியாணி வாசனை வருது, சாப்பிட்டுட்டு இன்டர்வியூவ வெச்சிக்கலாமா?"

பல்கலைக்கழக வேனில் குடும்பங்கள் ஏறுவதைக் கண்டு, இது படித்தவர்களுக்கானதல்ல என்று முடிவுசெய்து, பின்னால் நின்ற நிஜ மனை வேனில் மூவரும் ஏறியிருந்தார்கள். அது ஊத்துக்கோட்டைப் பக்கம் போய்விட்டது. திரும்பி வர மூன்று மணி நேரமாவது ஆகும்.

"சார், கார்னர் பிளாட்டு இருக்குதா?" என்று கல்பனா கேட்டார்.

"அம்மா, இது யுனிவர்சிட்டி. விக்கிற எடம் இல்லை."

கல்பனா கணவரிடம் திரும்பினார். "பாத்தியா, இப்பவே பிகு பண்றாங்க. நல்ல எடந்தான் போல."

சாப்பாடு போட்டால் கிளம்பிவிடுவார்கள் என்று எல்லோரையும் கேன்டீனுக்கு அனுப்பினார் ஸம்பத்குமார். சாப்பாடு போட்டதும் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. அரை மணியில் கூடைப்பந்து மைதானத்தை மூன்று குடும்பங்களும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, பொதுவழி யார் பக்கம் என்பதில் சண்டையும் தொடங்கியிருந்தார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து மெர்சி மேடம் எட்டிப் பார்த்தார்.

"சம்பத், இத்தனை கேண்டிடேட்ஸா? ஃபேமிலியோட வந்திருக்காங்க. இங்கேயே செட்டில் ஆகற மைண்டோட வந்திருக்காங்க. வெரி குட். முதல் ஆளை அனுப்புங்க."

இல்லை என்று சொல்லத்தான் ஸம்பத்குமார் வாயைத் திறந்தார். "இதோ அனுப்பறேன் மேடம்" என்று வந்துவிட்டது.

யாராவது ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்த வாரம் உடம்பு சரியில்லையென்று அவரை அனுப்பிவிட்டு முனைவர் யாரையாவது போட்டுக்கொள்ளலாம். ஆளைத் தேடிக்கொண்டு விடுதிக்குப் பின்னால் போனபோது, வெள்ளை வேட்டி சட்டையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் சுற்றுச்சுவர் ஓரமாகக் காலடியால் அளந்து நடந்துகொண்டிருந்தார். பார்த்தால் துணைவேந்தர் மாதிரியே இருந்தார். துணைவேந்தரைவிட நன்றாகவே இருந்தார்.

"இடம் பார்க்கத்தானே வந்தேள்?"

"சேச்சே. சும்மா காத்து வாங்கிக்கினு இருக்கேன்."

இந்தப் பக்கத்தில் நிலம் பார்க்க வருகிற யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் விலை ஏறிவிடும். வேனில் வந்தவர்தான் என்பது ஸம்பத்குமாருக்கு உறுதியாகிவிட்டது.

"ஒரு உபகாரம் பண்ணணும். உள்ளே மூணு பேர் கேள்வி கேப்பா. தெரிஞ்சதைச் சொன்னாப் போதும். உங்க பேரு?"

"அரசப்பன். பொதட்டூர்பேட்டை."

"படிப்பு?"

"எட்டாவது. ஆனா நெலத்துலதான் நாப்பது வருசமா கீறேன்."

"அது போதும்."

அரசப்பன் கொஞ்சம் யோசித்தார். "உள்ள வந்தா எல்லாத்தையும் சுத்திப் பாக்கலாமா?"

"நானே கூட இருந்து காட்டறேன்."

"அப்ப வா நைனா, போலாம்."

நேர்முகத் தேர்வுக் குழுவில் மூன்று ஓய்வுபெற்ற பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிலம் சார்ந்த கல்வியின் எதிர்காலத்தை நீங்க எப்படிப் பார்க்கிறீங்க?"

"அது கெடக்கட்டும். இந்த எடம் மெயின் ரோட்டு மேல எத்தினி அடி கீது?"

பேராசிரியர்கள் மூவரும் கேள்வியைக் குறித்துக்கொண்டார்கள்.

"பட்டா யார் பேர்ல கீது? உள்ளாற வாய்க்கா எதுனா ஓடுதா? அந்த ஆஸ்டல் கட்டடத்துக்கு அப்ரூவல் கீதா, சும்மா கட்டினதா?"

நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருட அனுபவத்தில் தன்னை இப்படி யோசிக்க வைத்த விண்ணப்பதாரர் வேறு யாருமில்லை என்றார். வகுப்பறையில் கேள்வியாலேயே பாடம் நடத்துகிறவர்கள் இப்போது அபூர்வம் என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் சம்பள எதிர்பார்ப்பு என்னவென்று கேட்டார்.

"சம்பளமா? வாணாம்."

மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

படிப்புதான் இடித்தது. அனுபவசாலிகளைப் பட்டம் இல்லாமலே பேராசிரியராக எடுக்கலாம் என்று ஒரு விதி இருப்பதை ஸம்பத்குமார் நினைவுபடுத்தினார். எட்டாம் வகுப்பு என்பதை மூன்று பேராசிரியர்களும் ஒருமனதாகத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றரை மணிக்கு வெங்கடேசன் மறுபடி பேசினார். "சார், எங்களுக்காகக் காத்திருக்க வேணாம். நாங்க மூணு பேரும் இங்க அடுத்தடுத்த பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம்."

கொடுத்த வாக்குப்படி ஸம்பத்குமார் அரசப்பனுக்கு எல்லாவற்றையும் காட்டினார். மொட்டை மாடி, போர்வெல், எல்லைக்கல், பதிவறையில் இருந்த வரைபடம். அரசப்பன் கேட்டதற்கெல்லாம் ஸம்பத்குமார் சலிக்காமல் பதில் சொன்னார். மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பதுவரை சொன்னார். நூலகத்தில் அதிகம் நிற்கவில்லை, அரசப்பனுக்கு அதில் ஆர்வமில்லை.

நாலு ஐம்பதுக்கு அரசப்பன் பணியேற்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். நாலு ஐம்பத்தைந்துக்கு மெர்சி மேடம் நிரந்தரப் பணி ஆணையில் கையெழுத்துப் போட்டார். ஸம்பத்குமார் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"மைத்ரேயி, பெர்மனென்ட் ஆயிடுத்து."

"எத்தனை நாளைக்கு?" என்றார் ஒன்பது வருடமாகப் பழகிப்போயிருந்த மனைவி.

போர்டிகோவில் பல்கலைக்கழக நிறுவனரின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார் அவருடைய டிரைவர் யேசுதாஸ். நிறுவனர் அறையிலிருந்து அரசப்பனின் சிரிப்பும் நிறுவனரின் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. சேர்ந்த முதல் நாளே இப்படிப் பழகுகிற இயக்குநரைப் பிடித்ததில் ஸம்பத்குமாருக்குப் பெருமையாக இருந்தது.

"யேசுதாஸ், நம்ம புது டைரக்டரைப் பார்த்தியோ? நானே கண்டுபிடிச்சு எடுத்தது."

யேசுதாஸ் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார் டைரக்டரு, மூணு மாசமா நம்ம பெரியவராண்ட இந்த யுனிவர்சிட்டிய வெலை பேசிக்கினு இருந்த பார்ட்டி அவரு, நீ சுத்திக் காட்னதுல இன்னிக்கு முடிச்சிட்டாரு, பிளாட்டு போட்டு விக்கறதுக்கு அந்த ஆளையும் எனக்கே குடுத்துடுன்னு உன்னையும் சேத்து வாங்கிக்கினாரு."