ஒன்பது பிள்ளைகளுக்குப் பத்து நாற்காலி

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, உன் மருமகள் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலியைப் பற்றி அடுத்த கடிதத்தில் விவரமாக விசாரிக்கிறேன். இப்போது அதற்கு மனம் ஒப்பவில்லை, தப்பாக நினைக்காதே.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தாலே மகள் கதவுக்குப் பின்னால் நிற்பது மாதிரி இருக்கிறது, அதனால்தான் கடிதம். இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்து மூன்று மாதமாகிறது, எட்டு வயதுப் பெண், ஒரு சிநேகிதிகூட இல்லை. பள்ளி விட்டு வந்ததும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கார் நிறுத்துமிடத்தில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்பாள். நீயும் போயேன் என்றேன். "அவங்களுக்கு ஆள் சரியா இருக்குப்பா" என்றாள். அன்றையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் உன்னிடம் புலம்பினேன். நீயும் இருபது வருஷம் மழலையர் வகுப்பு எடுத்தவள் என்ற தைரியத்தில், பிள்ளைகளை ஒட்டவைக்கும் விளையாட்டு என்று நான்கைச் சொன்னாய். நான்கையும் எழுதிக்கொண்டேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

என் தொழில் உனக்குத் தெரியாததல்ல. லிஃப்டைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். மணல் மூட்டையை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் இதுவரை ஒரு மனிதரை உள்ளே விட்டதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் சும்மா விட்டுவிட முடியுமா? முதலில் மூன்று கால் ஓட்டத்தை நானே சோதித்துப் பார்த்தேன். என் வலது காலையும் வாட்ச்மேனின் இடது காலையும் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தோம். திருப்பத்தில் அவர் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போக, இரண்டாம் மாடிப் பல் டாக்டர் கீழே வைத்திருந்த பூந்தொட்டிகள் மூன்றும் போயின. டாக்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். கட்டிய காலோடு எழுந்து நின்று, சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் மகனை விளையாட அனுப்ப வேண்டும் என்று அங்கேயே அழைப்பும் வைத்தேன். அந்த ஓட்டத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை என் மகளையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். நான் கழுத்தில் விசிலும் கையில் பட்டியல் எழுதிய அட்டையுமாக நின்றேன். முதலில் பாட்டு நாற்காலி. யாராவது ஒரு பிள்ளை வெளியே போக வேண்டுமே, அது என் பிள்ளையாக இருந்துவிட்டால்? அதனால் ஒன்பது பேருக்கு ஒன்பது நாற்காலி போட்டேன், ஒன்று உடைந்தால் என்ன செய்வது என்று பத்தாவதும் போட்டேன். பாட்டு நின்றது, எல்லோரும் உட்கார்ந்தார்கள். மறுபடி பாட்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். ஏழாவது தடவை டாக்டர் மகன் கை தூக்கி, "அங்கிள், இது எப்ப முடியும்?" என்று கேட்டான். அட்டையைப் பார்த்து விசில் ஊதினேன். அடுத்து கண்ணைக் கட்டிப் பிடிக்கும் ஆட்டம். தூணில் மோதிவிடக் கூடாதே என்று துணியில் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை வெட்டி வைத்திருந்தேன். கட்டிய பிள்ளை அரை நிமிஷத்தில் எட்டுப் பேரையும் பிடித்துவிட்டு அடுத்து என்ன என்று என்னைப் பார்த்தது.

கடைசியாக நீ உயர்த்திப் பேசிய நூல்கண்டு ஆட்டம். வட்டமாக உட்கார்ந்து, தனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்லி, கண்டை இன்னொருவர் கையில் போட வேண்டும். ஐஸ்கிரீம், சைக்கிள், நாய்க்குட்டி என்று நன்றாகத்தான் போனது. என் மகள் கைக்கு வந்ததும் நின்றுவிட்டது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடவில்லை. அவள் கண்டை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றாள். அக்கா, அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, பிள்ளைகள் முன்னால் இருமுவதுபோல் சமாளித்தேன்.

இதோடு போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பால்கனியில் நின்றால், கீழே எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நடுவில் என் மகள். கழுத்தில் என் விசில், கையில் என் அட்டை, ஒரு கை முதுகுக்குப் பின்னால். என்னைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து தூணைத் தட்டிப் பார்க்கிறாள், தரையைத் தேய்த்துப் பார்க்கிறாள், "மெதுவா, மெதுவா, யாரும் ஓடக் கூடாது" என்கிறாள். அவள் திரும்பியதும் எட்டுப் பேரும் ஓடுகிறார்கள், விசில் ஊதியதும் சிலையாக நிற்கிறார்கள். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘அப்பா’வாம்.

மானம் போனது போகட்டும், அதற்கு நான் கவலைப்படவில்லை, கொஞ்சம்தான் படுகிறேன். என் பயம் வேறு. என்னைக் கேலி செய்து கிடைத்த சிநேகம் எத்தனை நாளைக்கு? நான் அவர்களுக்குச் சலித்துப்போய்விட்டால் அவளையும் விட்டுவிடுவார்களே, மறுபடி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே. மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கவலை வேண்டாம். நீங்கதான் தினமும் புதுசா ஏதாவது செய்றீங்களே" என்றாள். இது ஆறுதலா இல்லையா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் புறப்பட்டு வந்து, ஒரு மாதம் அவளை உன்னோடு அழைத்துப்போ. உன் பிள்ளைகளோடாவது பழகட்டும். அவர்களிடம் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வை, என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். என்றும் உன் ஆசியை எதிர்பார்க்கும்,

தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் வைக்கும்போது வாசல் மணி அடித்தது. மகளும், அவள் பின்னால் படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகளும். விசில் வைத்திருப்பவர் ஓட முடியாதாம், அவளுக்கு இன்று ஓட வேண்டுமாம். மற்றவர்கள் செய்தால் சரியாக வரவில்லையாம். "நீங்களே வந்து நீங்களா இருங்கப்பா" என்றாள். தரை ஈரமாக இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்காமல் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். விண்ணப்பத்தைக் கிழித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம், அக்கா. எங்களுக்கு விளையாட்டு இருக்கிறது.