பழைய சரக்கு முதலில் போக வேண்டும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம். அங்கே தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். என் மனைவி தங்கள் வீட்டில் இருப்பதால் அவளும் நலமாகத்தான் இருப்பாள். அங்கேதான் அன்றாடம் வாங்குகிற காயை அன்றாடமே சமைக்கிறீர்களாமே, நலத்துக்கு என்ன குறை.

நடந்ததை அவள் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு, அவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நான் மோட்டார் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே எனக்கு இரண்டே விதிகள். பழைய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், கையிருப்பு ஒருநாளும் குறையக்கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெயிண்ட் டின்னைக்கூடக் காயவிடாமல் காலம் தள்ளியவன் நான். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், பாதி தீர்ந்த பருப்புப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பாக்கெட் பிரித்திருக்கிறது, குளியலறையில் தேய்ந்த சோப்புத் துண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, ஆளில்லாத அறையில் மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. இத்தனை வருஷம் இந்த வீடு எப்படித்தான் ஓடியதோ என்று எனக்கு மலைப்பாக இருந்தது. "நல்லாத்தான் ஓடிச்சு, நீங்க ஆபீசுக்குப் போயிட்டு இருந்தீங்க" என்றாள் தங்கள் தங்கை.

உடனே குடும்பக் கூட்டம் போட்டேன். மகனுக்குத் தண்ணீர், மகளுக்கு மின்சாரம், மனைவிக்குச் சமையல், எனக்கு மேற்பார்வை. எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று ஆட்டினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மளிகை அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். காலையில் ஒரு முறை சாமான் எடுத்துக் கொடுப்பேன், அதோடு சரி. முதல் நாளே உப்புக் கேட்க மறந்துவிட்டாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது வந்து நின்றாள். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். விதியென்றால் எல்லாருக்கும் பொதுதானே, நானும்தான் உப்பில்லாமல் சாப்பிட்டேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாலு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்றேன். மகள் அந்த அறையிலிருந்தே போனில் ஆபீஸ் மீட்டிங் பேசினாள். அந்த நேரம் பார்த்து நான் "எந்த மகராசன் பாத்ரூம் லைட்டைப் போட்டுட்டு வந்தது" என்று குரல் கொடுக்க, அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய மேலதிகாரி, "சாரி சார், நான் இல்லை" என்றாராம். அன்று முதல் அவள் மின்சார இலாகாவை ராஜினாமா செய்துவிட்டாள்.

இனி காய்கறிக்கு வருகிறேன், ஏனென்றால் குடும்பம் பிரிந்தது அதில்தான். ஒரு வாரத்துக்கான காய்கறியை மொத்தமாக வாங்கி ஃப்ரிட்ஜில் கையிருப்பாக வைத்தேன். அன்றன்று வாங்குகிற புதுக் காய் வரிசையில் கடைசிக்குப் போகும், முன்னால் இருக்கிற பழைய காய் சமையலுக்குப் போகும். இதில் என்ன தப்பு இருக்கிறது, தாங்களே சொல்லுங்கள். தங்கள் தங்கை தப்பு கண்டுபிடித்தாள். "கடைக்காரர் நமக்குப் புதுசாத்தான் தர்றாரு. அதை வாட வைக்கறதுக்குன்னு வீட்டுல ஒரு இடம் வச்சிருக்கோம்" என்றாள். சுருங்கிய கத்தரிக்காயையும் நார் பாய்ந்த பீன்ஸையும் தின்றுகொண்டு, பின்வரிசையில் பளபளவென்று இருக்கிற புதுக் காயைப் பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்ப்பார்கள். அதற்கும் முறை வரும், கொஞ்சம் வாடட்டும் என்பேன். "ஒரே ஒரு தடவை அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுடலாங்க" என்று அவள் கெஞ்சினாள். நல்ல பொருளைக் கொட்டச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

பேப்பருக்கும் அதே விதிதான். நேற்றைய பேப்பரைப் படித்து முடிக்காமல் இன்றையதைத் தொடமாட்டேன். அதில்தான் வினை வந்தது. மகனுடைய மேனேஜரும் அவர் மனைவியும் ஒருநாள் சாப்பிட வந்தார்கள். மகனுக்குப் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. அன்று காலை முதல் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு அன்றைய பேப்பரில் வந்திருக்கிறது. நான் அப்போது முந்தின நாள் பேப்பரில் இருந்தேன். தண்ணீர் இலாகாவிலிருந்த மகனோ பேப்பர் அப்பா பொறுப்பு என்று இருந்துவிட்டான். தங்கள் தங்கை விடிந்ததும் போய் விருந்தாளிக்கென்று இளம் பிஞ்சுக் காயாகப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். அதை நான் வரிசையில் கடைசியில் வைத்துவிட்டு, முறைப்படி முன்னாலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மேனேஜர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, வரும்போதே வயிறு நிறைந்திருந்ததாகச் சொன்னார். அவர் மனைவி கை கழுவக் குழாயைத் திறந்தார், புஸ்ஸென்று காற்று வந்தது. அந்த அம்மாள் கையை விரித்துப் பிடித்தபடியே கார் வரைக்கும் போனார்.

அவர்கள் போனதும் தங்கள் தங்கை பெட்டியை எடுத்து வைத்தாள். "இந்த வீட்டுல எல்லாத்தையும் விடப் பழைய சரக்கு எது தெரியுமா? நீங்கதான். உங்க விதிப்படி முதல்ல உங்களைத்தான் வெளியே அனுப்பணும். அது என்னால முடியாது, அதனால நான் போறேன். அந்தக் காயைக் கொட்டிட்டு, சாவியை என் கையில என்னைக்குத் தர்றீங்களோ அன்னைக்கு வர்றேன்" என்றாள். என் விதியை வைத்தே என்னை மடக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் மச்சான், அவள் இல்லாமலே நிர்வாகம் சிறப்பாக நடக்கிறது என்பதைத் தாங்கள் அவளிடம் தெரிவிக்க வேண்டும். மகனும் மகளும் ஆபீஸ் கேன்டீனிலேயே இரண்டு வேளையும் முடித்துக்கொள்வதால் சரக்கு வெளியே போவதுதான் கொஞ்சம் மந்தம், உள்ளே வருவது குறையவில்லை. நான் ஒருவனே தின்று தீர்க்க வேண்டியிருப்பதால் இரண்டு வாரத்துக்கு முந்தின முட்டைக்கோஸில் இருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்திருக்கிறேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஆகவே, சாவி என்னிடம்தான் இருக்கும், ஒரு பீன்ஸைக்கூடக் கொட்டமாட்டேன் என்ற என் முடிவை எடுத்துச் சொல்லி, அவளை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடவும்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. தங்கள் வீட்டு அலமாரியில் என்றும் குறைவில்லாமல் இருக்கட்டும், அதற்குப் பூட்டும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நாற்காலி சரிந்து ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொண்டது, அழுகியதும் வாடியதுமாக உள்ளே இருந்தவை தரையில் சரிந்தன. எல்லாவற்றையும் வாரிக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டேன். சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு டப்பாவை மட்டும் கொட்டவில்லை. கிளம்புகிற அன்று கோபத்தோடு கோபமாக எனக்கு ராத்திரிக்கென்று ஒரு பொரியல் செய்து மூடி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பின்வரிசையில் இருந்த அந்தப் பிஞ்சுக் காயில் செய்தது. வீட்டில் சமைத்து வைத்ததிலேயே பழையது அதுதான், முறைப்படி முதலில் போயிருக்க வேண்டும். தின்றுவிட்டால் அவள் கையால் செய்தது வீட்டில் வேறொன்றும் இல்லையே என்று தினமும் பின்னுக்குத் தள்ளித் தள்ளி வைத்தேன். இப்போது பூசணம் பிடித்துவிட்டது. அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. அவளையே வந்து கொட்டச் சொல்லுங்கள்.