மெஷின் தண்ணியா, பக்கெட் தண்ணியா?

ஒரு குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவன் என்ன சொன்னாலும் வீட்டில் நம்பிவிடுவார்கள். காலேஜில் தப்பாக எழுதினால் சிவப்பு மையில் சுழிக்க ஒருவர் இருந்தார். வீட்டில் அந்த வசதி இல்லை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதிலும் தண்ணீரில் கரைந்த உப்பு, அதனால் சோப்பு ஏன் நுரைக்காது என்கிற பாடத்தில் நல்ல மார்க். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு எதிராகத் தேவைப்படும்.)

எங்கள் வீடு சித்தூரில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லோடு ஏற்றும் வேலை. எனக்குத் திருப்பதியில் ஒரு ஆபீஸில் வேலை, தினமும் பஸ். போன சீசன் தொடக்கத்தில் நைனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். திருப்பதிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்ததில், சிறுநீரகத்தில் கல். நல்ல தண்ணீராக நிறையக் குடிக்கட்டும், சீசன் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் பார்ப்போம், போகவில்லை என்றால் ஆபரேஷன் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் நைனா என் கையை விடவே இல்லை.

"டேய் சாமுவேலு, வயித்த மட்டும் கிழிக்க உடாதடா."

"நான் பாத்துக்கறேன் நைனா" என்றேன். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படியும். ஆகவே, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்குவதற்கு முன் கடை கடையாக ஏறி இறங்கினேன். செல்போனில் பார்த்த வீடியோக்களின் பலத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ஒரு கடைக்காரர் தெலுங்கும் தமிழுமாகப் பெருமூச்சு விட்டார்: "ஏமண்ணா, மீரு மெஷின் வாங்க வந்தீங்களா, கம்பெனி ஆரம்பிக்க வந்தீங்களா?" கடைசியில் அவரிடமே வாங்கினேன். மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்புகிறேன் என்றார். "வேணாம், நான் கெமிஸ்ட்ரி" என்றேன். (பைப் மாட்டுவது கெமிஸ்ட்ரியில் எந்தப் பாடம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

விஷயம் எளிதுதான். வடிகட்டும் பெட்டி ஒன்று, தண்ணீர் சேரும் தொட்டி ஒன்று. பெட்டியிலிருந்து இரண்டு பைப் வெளியே வரும். ஒன்றில் நல்ல தண்ணீர் வந்து தொட்டியில் சேரும். இன்னொன்றில் வடிந்த உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் வேஸ்ட்டாகப் போகும். அதைப் பக்கெட்டில் பிடித்துத் துணி துவைக்கலாம். இரண்டு பைப்பும் வேறு வேறு நிறம், குழந்தைகூட மாட்டிவிடும். ஆனால் எனக்குத் தொட்டி முன் அறையில் இருக்கவேண்டும், சர்ச் சபையிலிருந்து யார் வந்தாலும் முதலில் அது கண்ணில் படவேண்டும். அந்த நீளத்துக்குப் பைப் எட்டவில்லை. அதனால் வெள்ளை டியூப் ஒரு சுருள் வாங்கிவந்து இரண்டையும் அதிலேயே மாட்டினேன்.

எதை எதில் மாட்டியிருப்பேன் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய மாம்பழ சீசன் முடியவேண்டியிருந்தது.

முதல் டம்ளரை நைனாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"இன்னாடா, நம்ம போர் தண்ணிக்கும் மேல உப்பு கரிக்குது?"

"அது மினரல் நைனா. ஒடம்புக்கு நல்லது. பழகிடும்."

"ஓ" என்றார். படித்த பிள்ளைக்கு ஒரு தகப்பன் தரும் மரியாதை முழுவதும் அந்த 'ஓ'வில் இருந்தது.

அடுத்தது அம்மா. "பருப்பு வேகவே மாட்டேங்குதுடா. விசில் அடிச்சி அடிச்சி குக்கரே களைச்சிப்போச்சி."

"பருப்பு பழசா இருக்கும்மா."

என் தங்கை எஸ்தர் பக்கெட் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டே கத்தினாள்: "அண்ணா, வேஸ்ட் தண்ணில சோப்பு எப்டி நுரைக்குது பாரு!"

"கெமிக்கல். கை அரிக்கும், ஜாக்கிரதை."

டீயின் மேல் வெள்ளையாக ஆடை படிந்தது. மினரல். வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடி நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. வெயில். எதற்கும் என்னிடம் பதில் இருந்தது. இது போதாதென்று ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் பெருமை வேறு அடித்தேன். மற்றவர்கள் மெஷினில் பக்கெட் பக்கெட்டாக வேஸ்ட் ஆகிறது, எங்களுடையதில் தொட்டி மளமளவென்று நிறைகிறது, வேஸ்ட் கொஞ்சம்தான், எல்லாம் மாட்டுகிற விதத்தில் இருக்கிறது என்றேன். பாஸ்டர் ஐயா ஆச்சரியப்பட்டு, தங்கள் வீட்டு மெஷினையும் நானே மாட்டித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

தினமும் காலையில் நைனாவுக்குப் பெரிய பாட்டில் ஒன்றை என் கையால் நிரப்பி வைப்பேன். சாயந்திரம் காலியாக வரும். சீசன் முடிந்தது. ஸ்கேனுக்குப் போனோம். கல் இல்லை. தானாகவே வெளியேறியிருக்கிறது என்றார் டாக்டர். நைனா திரும்பும் பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கி எனக்கும் கொடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கல் போனதற்கு நன்றி சொல்ல, அந்த வாரமே வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். பாஸ்டர் ஐயாவும் சபையில் சில குடும்பங்களும் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும், நடந்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தேன். ஆண்டவரைப் பற்றிச் சுருக்கமாகவும் மெஷினைப் பற்றி விரிவாகவும் பேசினேன். பிறகு இதற்கென்றே வாங்கிய மீட்டரைப் பையிலிருந்து எடுத்தேன். பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் வைத்தால் கரைந்திருக்கும் உப்பை நம்பராகக் காட்டும். "நம்பர் எவ்ளோ சின்னதோ, தண்ணி அவ்ளோ சுத்தம்" என்று விளக்கிவிட்டு, தொட்டித் தண்ணீர் பிடித்த ஒரு டம்ளரில் அதை வைத்து, படிக்கச் சொல்லி பாஸ்டர் ஐயாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆயிரத்து அறுநூறுன்னு காட்டுது தம்பி. இது சின்ன நம்பரா?"

மீட்டரை உதறினேன். பேட்டரி என்றேன். புதுசு என்றால் அப்படித்தான் என்றேன். அதற்குள் எஸ்தர் பக்கெட்டிலிருந்து ஒரு மக் மொண்டு வந்துவிட்டாள். "இதுல உட்டுப் பாருண்ணா."

நாற்பது.

நுரைத்த சோப்பு, வேகாத பருப்பு, டீ ஆடை, எல்லாம் அந்த நொடியில் பரீட்சைத் தாளில் எழுதியது மாதிரி வரிசையாக ஞாபகம் வந்தன. நான் சுவரோரம் போன வெள்ளை டியூப்களைப் பார்த்தேன். வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"அப்போ இத்தினி நாளா நம்ம குடிச்சது வேஸ்ட்டா?" என்றாள் அம்மா. பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம். "அப்டின்னா இவருக்கு எப்டி கல்லு போச்சி?"

எல்லாத் தலைகளும் நைனா பக்கம் திரும்பின. பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அவர் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் அத்தக் குடிக்கவே இல்லியே" என்றார்.

"பாட்டில் காலியா வந்திச்சே நைனா?"

"செடிக்கு ஊத்திடுவேன்டா. வாயில வெக்க முடியல. நீ ஆசையா வாங்கியாந்தது, சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு, பக்கெட்ல மொண்டு எத்துக்கினு போவேன். சும்மா எளநி மாதிரி இருந்திச்சா, குடிச்சிக்கினே இருந்தேன். வேஸ்ட்டே இவ்ளோ ருசியா கீதேன்னு எனக்கே ஆச்சரியம்தான். படிச்ச புள்ள, எதுனா காரணம் வெச்சிருப்பான்னு உட்டுட்டேன்."

முதலில் சிரித்தது பாஸ்டர் ஐயாதான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு மிகுந்த அன்போடு, "தம்பி, எங்க வீட்டுக்குக் கடை ஆளையே வரச் சொல்லிக்கிறோம்" என்றார்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கும் கடை ஆள்தான் வந்தார். டியூப்பை மாற்றி மாட்டிவிட்டு, என் பக்கம் பார்க்காமலேயே போனார். இப்போது ஃபில்டர் மாற்றும் காலம் வந்தால் கடைக்கு ஃபோன் செய்வது மட்டும்தான் என் வேலை. ஸ்க்ரூ டிரைவரை எஸ்தர் ஒளித்து வைத்திருக்கிறாள். கறிவேப்பிலைச் செடி துளிர்த்துவிட்டது.

கடை ஆள் மாற்றி மாட்டிய அன்று, தொட்டியிலிருந்து முதல் டம்ளரை நைனாவிடம் நீட்டினேன். குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். என்னைத் தேற்றும் விதமாகச் சொன்னார்:

"பரவால்லடா. பக்கெட் தண்ணி மாதிரியே கீது."

அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் எஸ்தர் முதலில் கேட்பது, "மெஷின் தண்ணியா, பக்கெட் தண்ணியா?" இரண்டும் இப்போது ஒரே தொட்டியிலிருந்துதான் வருகின்றன. சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் பக்கெட் தண்ணிதான் கேட்கிறார்கள்.