அத்தை அழுத இரண்டு நிமிட மௌனம்

ஒரு மொழியை நன்றாகத் தெரிந்தவர்கள் யோசித்துப் பேசுவார்கள். அறவே தெரியாதவர்கள் சிரித்துச் சமாளிப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் ஊருக்கு ஆபத்து. எட்டாம் வகுப்புப் படித்த காலத்தில் லிந்துலைப் பக்கமிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான் அப்படியோர் ஆபத்தாக இருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பினேன். (லயமும் நம்பியது. மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்க வருவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது அவர்கள் செய்த புண்ணியம்.)

லீவு விட்டால் மற்றப் பிள்ளைகள் நுவரெலியாவுக்குப் போவார்கள், மாமா வீட்டுக்குப் போவார்கள். எங்கள் குடும்பம் வருஷம் தவறாமல் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அதற்கென்று நல்ல உடுப்பு வேறு. “எங்க போறீங்க?” என்று கேட்பவர்களிடம் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சித்தப்பாவப் பாக்கப் போறோம்” என்பார். அந்தச் சித்தப்பா அப்பா பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்.

பெரிய யுத்தம் நடந்தபோது, அடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குளிரில் தங்கி உடம்பு தேறுவதற்காக எங்கள் பக்கத்தில் ஒரு முகாம் போட்டிருந்தார்களாம். என் தாத்தாவின் தம்பி கருப்பையா, கொழுந்துச் சாக்குத் தூக்கிச் சலித்துப்போய் அங்கே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மீசைகூடச் சரியாக முளைக்காத வயசு. அவர் போன லொறி ஒரு வளைவில் கவிழ்ந்தது. பட்டாளத்துக்காரர்கள் மரியாதையாகத்தான் அடக்கம் செய்தார்கள். தேயிலை மலைக்கு மேலே இருக்கும் சின்ன மாதா கோயிலின் பின்பக்கம், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வரிசையிலேயே கல் வைத்தார்கள். ஆனால் வீட்டுக்குச் சேதி வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகு. சொந்தக்காரர் ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் அந்த வரிசைக்கு மாலை வைக்கக் கொழும்பிலிருந்து தூதரக ஆட்கள் வருவார்கள். எங்கள் தோட்டத்து மனேஜரான துரை கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பார். நாங்கள் வேலியோரமாக நிற்போம். வண்டிகள் போன பிறகு அப்பா கல்லைத் துடைத்து, வாழையிலை விரித்து, சின்னத் தாத்தாவுக்குச் சுருட்டு, சாராயம், வறுத்த கருவாடு எல்லாம் வைத்துக் கும்பிடுவார்.

ஒரு வருஷம் மழை வரும்போலிருக்கிறதே என்று அப்பா அவசரப்பட்டு, கூட்டம் கலைவதற்கு முன்பே இலையைப் போட்டுவிட்டார். கோயில் நாய் ஒன்று கருவாட்டைக் கவ்விக்கொண்டு பெரிய மனிதர்களின் கால்களுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தன் சப்பாத்தை வெகுநேரம் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருஷம்தான் நான் சொல்லவந்தது. ஒரு கிழமைக்கு முன்பே துரை அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஆறுமுகம், போன வருசம் நாய் வந்திச்சி. இந்த வருசம் என்னா வரும்?”

“ஒண்ணும் வராதுங்க தொர.”

“கொழும்புலேருந்து வர்ற வெள்ளக்கார அம்மா, செத்துப்போன ஆளோட சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டிருக்காங்க. ஒங்க குடும்பம் முன் வரிசையில நிக்கணுமாம். நில்லுங்க. ஆனா சின்னச் சத்தம் கேட்டுச்சோ, அடுத்த வருசத்திலேருந்து அந்தக் கல்லறைக் கேட்டு ஒங்களுக்குத் தொறக்காது. நம்ம தோட்டத்துக் கேட்டு அது, ஞாபகம் வச்சுக்க.”

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முன் வரிசை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், கேட்டு மூடிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். “வருசத்துக்கு ஒரு நாளு. அதுவும் போயிருச்சின்னா அந்த மனுசன யாரு புள்ள போய் பாப்பா?” என்று என்னிடமே கேட்டார். கருவாடு கிடையாது, சுருட்டு கிடையாது, தும்மல் வந்தால்கூட வேலிக்கு வெளியே போய்த்தான் தும்ம வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எல்லாவற்றையும் யோசித்தவர், பாக்கியம் அத்தையை யோசிக்கவில்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நல்லதண்ணி என்ற ஊருக்கு வாக்கப்பட்டுப் போனதிலிருந்து இந்த மாலை வைக்கும் விசேஷத்துக்கு வந்ததே இல்லை. முன் வரிசை என்று கேள்விப்பட்டதும், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முதல் நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் வட்டாரத்தில் பாக்கியம் அத்தையின் ஒப்பாரி பிரசித்தம். அத்தை அழுதால் பங்காளிச் சண்டைக்காரனும் துண்டை வாயில் பொத்திக்கொள்வான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

காலையில் மலையேறும்போது நான்தான் எல்லாருக்கும் பாடம் நடத்தினேன். “ஊதுகொழல் ஊதுவாங்க. அதுக்கப்பறம் ரெண்டு நிமிசம் மௌனம். யாரும் பேசக் கூடாது. வெளங்குதா அத்த?”

“பேசினா என்னா செய்வாங்க?”

“பேசக் கூடாது, அவ்வளவுதான்.”

“சரிடி, பேசல” என்றார் அத்தை. நான் திருப்தியடைந்தேன்.

வெள்ளைக்கார அம்மா நல்ல மாதிரி. மழைக்கோட்டோடு வந்து எங்கள் ஒவ்வொருவருக்கும் சிவப்புக் கடுதாசிப் பூ ஒன்று கொடுத்தார். யுத்தத்தில் செத்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய பூ. அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொண்டையில் செருகிக்கொண்டார். (பூ என்றால் வேறெங்கே வைப்பது?) நான் அந்த அம்மாவிடம் போய், “ஐ நோ இங்கிலீஷ்” என்று அறிமுகமானேன். கேட்காமலேயே. அவர் சந்தோஷப்பட்டு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். என் விதி அங்கே எழுதப்பட்டது.

ஊதுகுழல் ஊதி முடிந்தது. எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். மூடுபனி, சாரல், ஒரு சத்தமில்லை. துரை கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை மட்டும் தலையைக் குனியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இத்தனை பேர் நிற்கிறார்கள், உள்ளே பிள்ளை கிடக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. இழவு வீட்டில் அழ ஆளில்லை என்றால் அதைவிடக் கேவலம் எங்கள் பக்கம் கிடையாது. அத்தையின் உதடு துடித்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி அவர் கல்லின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் ஓங்கி அடித்துக்கொண்டார். கடுதாசிப் பூ துரையின் சப்பாத்தில் போய் விழுந்தது.

“கூரையப் பிரிச்சாப்பல போனியே என் ராசா
கொட்டும் மழையில நனையிறமே என் ராசா!”

முன் வரிசை அப்படியே துள்ளியது. அப்பா, “அக்கா, அக்கா” என்று பல்லுக்கிடையில் கெஞ்சினார். தொடங்கிய ஒப்பாரியை நிறுத்தச் சொல்வது மலை இறங்கும் லொறியைக் கையைக் காட்டி நிறுத்துவது மாதிரி.

வெள்ளைக்கார அம்மா கண்கலங்கி என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வருஷம் இங்கிலீஷ் படித்தது இந்த நாளுக்காகத்தானே!

“நோ ரூஃப், மேடம்” என்றேன். “ரெயின் கமிங் இன்சைட்.”

அவர் நெற்றி சுருங்கியது. அத்தை அடுத்த அடிக்குப் போனார்.

“ஏத்தி வச்ச விளக்கணைஞ்சி போச்சே என் ராசா
எங்க இருட்டு இன்னும் விடியலியே என் ராசா!”

“நோ லைட்.”

“போற வழி தெரியலியே என் ராசா
பொழுதிருக்கப் போனியே என் ராசா!”

“நோ ரோட்.”

“எப்போதிலிருந்து?” என்று அந்த அம்மா அதிர்ச்சியோடு கேட்டார். சின்னத் தாத்தா எப்போது இறந்தார் என்று கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“ஃப்ரம் வேர்ல்ட் வார், மேடம்.”

அவர் மெதுவாக நிமிர்ந்து துரையைப் பார்த்தார். துரையின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கிக் கோட்டுக்குள் போய்விட்டது. அது பாட்டு, வெறும் பாட்டு என்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் இவர்கள் வீட்டுக் கூரை ஒழுகவில்லையா என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். துரை குனிந்து சப்பாத்தில் கிடந்த கடுதாசிப் பூவை எடுத்தார். ஏனென்றால் எங்கள் லயத்துக் கூரை ஒழுகியது. கரன்ட் கிடையாது. ரோடு என்று ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் மொழிபெயர்த்தது அத்தனையும் தப்பு. அத்தனையும் உண்மை.

இதற்குள் அந்த அம்மா, அத்தையைத் தேற்றப் போனார். குனிந்து தோளைத் தொட்டதுதான் தாமதம், துக்கம் கேட்க வந்தவளைக் கட்டிக்கொண்டு அழுவதுதானே முறை என்று அத்தை அவர் கழுத்தை வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மழைக்கோட்டோடு அவர் ஈரப் புல்லில் மண்டிபோட்டு, அத்தையோடு சேர்ந்து முன்னும் பின்னுமாக ஆடினார். ஊதுகுழல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை ஊதினார்.

இறங்கும் வழியெல்லாம் நான் அத்தையைத் திட்டினேன். “ஒங்கள யாரு அழச் சொன்னா?”

“பேசக் கூடாதுன்னுதானடி சொன்ன? அழக் கூடாதுன்னு சொன்னியா?” என்றார் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே. பிறகு அப்பாவைப் பார்த்துக் குரலை இறக்கிச் சொன்னார்: “தம்பி, அந்தப் புள்ள செத்தன்னைக்கு ஒரு பொம்பள அழலப்பா. கொழல ஊதிட்டு மண்ணத் தள்ளியிருக்காங்க. நம்ம அப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான செத்தாரு.”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அழுகை வர இன்னும் பல வருஷம் பிடித்தது.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் துரை அப்பாவைக் கூப்பிட்டார். கேட்டு மூடிவிட்டது என்று அப்பா முடிவுகட்டிக்கொண்டுதான் போய் நின்றாராம்.

“ஆறுமுகம், ஒன் கூர ஒழுகுதா?”

“அது ஒப்பாரிங்க தொர. எங்க வழக்கத்துல அப்பிடித்தான்...”

“ஒழுகுதா, இல்லியா?”

“ஒழுகுதுங்க.”

டிசம்பர் நத்தாருக்கு முன்பே லயம் முழுவதற்கும் புதுத் தகரம் வந்து இறங்கியது. தை பிறந்ததும் மின்கம்பம் நட்டார்கள். ரோடு மட்டும் இன்றுவரை வரவில்லை. (அந்தச் சொல்லை நான் சரியாக உச்சரிக்கவில்லை போலிருக்கிறது.)

அடுத்த நவம்பர் நெருங்கியதும் துரையே எங்கள் வாசலுக்கு வந்தார். கேட்டு எங்களுக்குத் திறந்திருக்கும், முன் வரிசையும் எங்களுக்குத்தான், கொழும்பு அம்மா அத்தையைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை. போகும்போது துரை திரும்பி என்னைச் சுட்டிக்காட்டி, “எல்லாரும் வாங்க. இந்தப் புள்ளய மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டுங்க” என்றார். குடும்பத்திலேயே அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

லயத்து ஆட்கள் ஆளாளுக்கு வந்து அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கக்கூசையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் தண்ணீர்ப் பைப்பு. கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குக் கதவில்லை என்று ஒரு அக்கா மெட்டே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அத்தை எல்லாரையும் விரட்டிவிட்டார்.

அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஊதுகுழல் ஓய்ந்தது. வெள்ளைக்கார அம்மா கைக்குட்டையை எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொண்டார். துரை, கையில் பேனாவோடு வந்த கொழும்பு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். முன் வரிசையில் தலை குனிந்து நின்ற பாக்கியம் அத்தை, இரண்டு நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. சின்னத் தாத்தாவுக்கு அந்த வருஷம் முழு மௌனம் கிடைத்தது.

“ஏன் அத்த அழல?” என்று இறங்கும்போது கேட்டேன்.

“ஒருத்தனுக்கு ஒரு தடவதான்டி எழவு. அவனுக்குத்தான் அழுதாச்சே.”

நான் இப்போது ஹட்டனில் இங்கிலீஷ் டீச்சர். சத்தியமாக. ஆனால் வீட்டில் கரன்ட் போனால், நான் மெழுகுவர்த்தியைத் தேடும் முன்பே என் தம்பி இருட்டிலிருந்து, “ஃப்ரம் வேர்ல்ட் வார், மேடம்” என்பான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்தியதே இந்தக் கதையை வைத்துத்தான்.

போன மாதம் அந்தத் தகரம் துருப்பிடித்து, அப்பா படுக்கும் இடத்தில் சொட்டத் தொடங்கியது. தம்பி சிரித்துக்கொண்டே நல்லதண்ணிக்கு ஃபோன் போட்டு, “அத்த, கூர திரும்ப ஒழுகுது. வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போங்களேன்” என்றான். வயசாகியும் அத்தையின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“அதுக்கு இன்னொருத்தன் வீட்டுப் புள்ள சாகணுமேடா! கம்முனு போயி ஒரு தகரம் வாங்கிப் போடு.”